கம்பிக்கு மேல் நின்ற அட்டை

நூலகப் பட்டியல் அட்டைக்கு உலகம் முழுக்க ஒரே அளவு. நீளம் 12.5 சென்டிமீட்டர், உயரம் 7.5 சென்டிமீட்டர். கீழ் விளிம்பின் நடுவே ஒரு துளை. இழுப்பறையின் முன்பக்கம் நுழையும் நீளக் கம்பி ஒன்று எல்லா அட்டைகளின் துளைகளிலும் புகுந்து பின்பக்கம் போய் முடியும். வாசகர் அட்டைகளைப் புரட்டலாம், உருவ முடியாது. அந்த நூலகத்தில் என்ன புத்தகம் இருக்கிறது, யார் எழுதியது, எந்த அலமாரியில் நிற்கிறது என்ற மொத்தச் செய்தியும் அந்தக் கம்பியில் கோத்திருந்தது.

புதிதாக வேலைக்கு வந்தவர் எழுதிய அட்டையை உடனே கம்பியில் கோத்துவிட மாட்டார்கள். அகரவரிசையில் அதன் இடத்தை அவர் கண்டுபிடித்து, அங்கே கம்பிக்கு மேலாகச் செருகி வைப்பார். மற்ற அட்டைகளுக்கு நடுவே அது மட்டும் தலைநீட்டி நிற்கும். மூத்தவர் ஒருவர் வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தலைப்பு சரியா, எண் சரியா, வரிசை சரியா என்று சோதித்த பிறகு கம்பியை உருவி, அட்டையைக் கீழிறக்கி, கம்பியை மறுபடி செலுத்துவார். தவறிருந்தால் அட்டை எழுதியவரிடமே திரும்பும். நூலகவியல் பாடநூல்களில் இடம்பெற்ற நடைமுறை இது. அந்தக் காலத்தில் தொழிலைக் கற்றவர்களுக்கு உண்மையான வகுப்பறை அந்தக் கம்பியின் மேல்புறம்தான்.

2015 அக்டோபரில், உலக நூலகங்களுக்கு அட்டை அச்சிட்டுத் தந்துகொண்டிருந்த அமெரிக்காவின் ஓ.சி.எல்.சி. நிறுவனம் கடைசி அட்டையை அச்சிட்டு அந்தப் பணியை முடித்துக்கொண்டது. இன்று நூலகப் பணிக்கு வருகிறவர் கற்பது மென்பொருளை. இழுப்பறைகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. வாசகனுக்கு நன்மை பெருகியிருக்கிறது. கம்பிக்கு மேல் அட்டையை நிறுத்திவைத்துப் பார்த்த பழக்கமும் அவற்றோடு சேர்ந்து போய்விட்டதே என்பதுதான் என் கவலை.

பட்டியல் எழுதக் கற்றது

அட்டைக்கு முன்னால் பட்டியல் என்பது அச்சிட்ட புத்தகம். ஜான் மர்டாக் 1865இல் தமிழில் அதுவரை அச்சான நூல்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து வெளியிட்டார். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தயாரித்த பட்டியல் 1909இல் வந்தது. இரண்டும் இன்றைக்கும் ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் அச்சிட்ட பட்டியலில் மறுநாள் வந்த நூலுக்கு இடமில்லை. அட்டை அந்தக் குறையைத் தீர்த்தது. எந்த இரண்டு அட்டைகளுக்கு நடுவிலும் மூன்றாவது ஒன்றைச் செருகலாம் என்பதே அதன் பெரிய பலம்.

அந்த அட்டையை எழுதுவதற்கு முறையான பயிற்சி வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவர்களில் ஒருவர் மெல்வில் டூயி. 1887இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் அவர் தொடங்கிய நூலகப் பள்ளியில் கையெழுத்துகூட ஒரு பாடம். எந்த ஊழியர் எழுதினாலும் ஒரே மாதிரி, வட்டமாக, பிரித்துப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று அதற்கென ஓர் எழுத்துமுறையே வகுத்திருந்தார்கள். படிப்பவரின் கண்ணுக்குச் சிரமம் தரக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது.

சென்னையில் இந்தக் கதை 1924இல் தொடங்குகிறது. சீர்காழியில் பிறந்து மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அந்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைச் செய்து காட்டுவதைப் பார்த்தார். அதே சில பட்டைகளையும் திருகுகளையும் வைத்து ஒருமுறை பாலம், ஒருமுறை பாரந்தூக்கி என்று விதவிதமாகச் செய்யலாம். புத்தகத்தின் பொருளையும் இப்படிச் சிறு துண்டுகளாகப் பிரித்து வேண்டியபடி சேர்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுதான். அதற்கு முன்பே, 1928இல் சென்னை நூலகச் சங்கத்தை அமைத்து, மறு ஆண்டே பயிற்சி வகுப்பையும் தொடங்கியிருந்தார். 1931இல் அந்த வகுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. பட்டியலிடும் விதிகளுக்கென்றே 1934இல் தனிநூல் எழுதினார்.

அந்த மரபில் படித்தவர்கள் முதலில் கற்றது புத்தகத்தைக் கையில் எடுக்கும் விதத்தை. மேலட்டையை நம்பக் கூடாது. தலைப்புப் பக்கத்தைத் திருப்பு. அதன் பின்பக்கத்தைப் பார். எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு, பதிப்பித்தவர் வேறா, எழுதியவர் வேறா? பிறகு முன்னுரையையும் பொருளடக்கத்தையும் படி. இந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்பதை ஒரே வரியில் சொல்ல முடிகிறதா என்று பார். சொல்ல முடிந்த பிறகே பேனாவைத் திற.

அடுத்தது தலைப்பு. இங்கேதான் தமிழ் நூல் தன் சிக்கலைக் காட்டும். மேலைநாட்டு விதி குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கு இருப்பதோ முன்னெழுத்து. புதுமைப்பித்தன் நூலை அந்தப் பெயரில் பதிவதா, சொ. விருத்தாசலம் என்று பதிவதா? கல்கியைத் தேடி வருகிறவர் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடுவாரா? சுஜாதா என்ற பெயருக்குப் பின்னால் எஸ். ரங்கராஜன் இருப்பது எல்லா வாசகருக்கும் தெரியுமா? ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டு, மற்றப் பெயருக்கு ஒரு வழிகாட்டி அட்டை எழுதுவார்கள். இந்தப் பெயரில் தேடுகிறீர்களா, அந்தப் பெயரில் பாருங்கள் என்று அது கைகாட்டும். ஒரு முறை முடிவெடுத்துவிட்டால் அந்த நூலகம் முழுக்க அதுவே முடிவு.

ஒரு நூலுக்கு ஓர் அட்டை போதாது. ஆசிரியருக்கு ஒன்று, நூற்பெயருக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்றிரண்டு, தொடர் வரிசை உண்டென்றால் அதற்கொன்று. எல்லாவற்றையும் கையாலோ தட்டச்சிலோ எழுதி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் செருக வேண்டும். மெதுவான வேலை. அந்த நிதானமே பயிற்சியாகவும் இருந்தது. ஒரே பெயரை நாலு முறை எழுதுகிறவர் கை, ஐந்தாவது முறை வேறு மாதிரி எழுதாது.

எண்களாக மாறிய அட்டை

1965இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ராம் என்ற கணினி நிரலாளர் சேர்ந்தார். அவர் நூலகவியல் படித்தவர் அல்லர். அட்டையைக் கணினி எப்படிப் படிக்கும் என்பதே அவர் முன் இருந்த கேள்வி. மனிதர் அட்டையைப் பார்த்தவுடன் மேல்வரி ஆசிரியர், அதற்குக் கீழே நூற்பெயர் என்று புரிந்துகொள்கிறார். இயந்திரத்துக்கு மேலும் கீழும் தெரியாது. ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் எண் கொடுக்க வேண்டும். அவர் நூலகர்களோடு உட்கார்ந்து அட்டையின் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் காரணம் கேட்டுக் கற்றுக்கொண்டு வடிவமைத்ததுதான் மார்க். 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் நூற்பெயர், 650 என்றால் பொருள்தலைப்பு. 1968 வாக்கில் நடைமுறைக்கு வந்த இந்த முறை, 1999இல் மார்க் 21 என்ற பெயரோடு, இன்றும் உலக நூலகங்களின் அடித்தளமாக இருக்கிறது.

நம் நாட்டு நூலகங்கள் பலவற்றுக்குக் கணினியோடு முதல் நெருக்கம் ஒரு மென்பொருளால் வந்தது. யுனெஸ்கோ 1985இன் இறுதியில் சிறு கணினிகளுக்கென்று சி.டி.எஸ்.-ஐசிஸ் மென்பொருளை வெளியிட்டு, வளரும் நாடுகளின் நூலகங்களுக்கு விலையில்லாமல் தந்தது. இந்தியாவில் அரசின் நிசாட் திட்டம் வழியாக அது பரவியது. பயிற்சி முகாம்கள் நடந்தன. அன்றைய இளம் நூலகர்கள் பலர் கணினியின் முன் முதன்முதலாக உட்கார்ந்தது அதற்காகத்தான்.

ஐசிஸ் கற்பவருக்கு ஆயத்தமான படிவம் எதையும் தராது. வெறும் தளத்தைத் தரும். நாலு அட்டவணைகளை அவரே கட்ட வேண்டும். முதலாவது, என்னென்ன புலங்கள் வேண்டும் என்ற வரையறை. ஆசிரியர் ஒருவருக்கு மேல் இருக்கக்கூடுமா, அப்படியானால் அந்தப் புலம் திரும்பத் திரும்ப வருவதற்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று அங்கேயே கேட்கும். இரண்டாவது, தரவை உள்ளிடும் படிவம். மூன்றாவது, வெளியே எப்படிக் காட்ட வேண்டும் என்ற காட்சி வடிவம். பதிப்பு விவரம் இருந்தால் முன்னால் ஒரு கோடு போடு, இல்லையென்றால் கோடும் வேண்டாம் என்பதைக்கூடச் சிறு கட்டளைகளாக எழுத வேண்டும். நான்காவது, எந்தச் சொல்லெல்லாம் தேடலுக்குக் கிடைக்க வேண்டும் என்ற அட்டவணை. அதில் ஒரு புலத்தைச் சேர்க்க மறந்தால், செய்தி உள்ளே பத்திரமாக இருக்கும், தேடினால் வராது.

கடினமான மென்பொருள். ஆனால் அதைக் கற்றவர்கள் ஓர் உண்மையைக் கற்றார்கள். செய்தியைச் சேமிப்பது ஒரு வேலை, அதைக் கண்டுபிடிக்க வழி வைப்பது இன்னொரு வேலை, வாசகர் கண்ணுக்கு அதைத் தெளிவாக வைப்பது மூன்றாவது வேலை. மூன்றையும் தனித்தனியாக யோசித்தாக வேண்டும். அட்டையில் இம்மூன்றும் ஒன்றாகவே இருந்தன. மென்பொருள் அவற்றைப் பிரித்துக் காட்டியது. இன்றைய மென்பொருள்களில் இந்தப் பகுதிகள் முன்கூட்டியே கட்டித் தரப்படுவதால், கற்பவர் பலர் அப்படி மூன்று வேலை இருப்பதையே அறியாமல் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

திரையில் தமிழ்

ஆங்கில நூலுக்குக் கணினி வழி திறந்த பிறகும் தமிழ் நூல் வாசலில் நின்றது. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் வெறும் குறிகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் முடிவாயின. உலக மொழிகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தாலும், தமிழ்நாடு அரசு அதை முறையாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட பட்டியல்களை மாற்றியெடுப்பது பெரும்பாடு.

யூனிகோடு வந்த பிறகும் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. தமிழ் அகராதி வரிசையில் ன கடைசி மெய். 'மரம்' முன்னால், 'மனம்' பின்னால். யூனிகோடு அட்டவணையிலோ ன-வுக்கு ந-வின் பக்கத்திலேயே இடம். எண் வரிசைப்படி மட்டும் அடுக்குகிற மென்பொருளில் 'மனம்' முந்திக்கொள்ளும். 'பவளம்' முன்னால் வர வேண்டிய இடத்தில் 'பழம்' வரும். புள்ளி வைத்த மெய் உயிர்மெய்க்கு முன்னால் என்பது நம் மரபு. அதன்படி 'பக்கம்' முதலில், 'பகல்' அடுத்தது. மென்பொருள் புள்ளியைக் கடைசிக் குறியாக எண்ணி இதையும் தலைகீழாக்கும். தமிழ் வரிசைக்கான விதியைத் தனியாகப் பொருத்தினால் எல்லாம் சரியாகும், அந்த விதி கிடைக்கவும் செய்கிறது. ஆனால் அதைப் பொருத்த வேண்டும் என்று தெரிய, வரிசை தவறியிருப்பது கண்ணில் பட வேண்டும். இழுப்பறையில் அட்டை செருகிப் பழகிய கைக்கு அது ஒரு நொடியில் பட்டுவிடும். வரிசையைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கற்றவருக்குக் கடைசிவரை படாமலே போகலாம்.

இன்றைய வசதி

இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களில் கோஹா, சோல், இ-கிரந்தாலயா ஆகிய பெயர்களைப் பரவலாகக் கேட்கலாம். சோல், இன்ஃப்லிப்நெட் உருவாக்கியது. இ-கிரந்தாலயா, தேசிய தகவலியல் மையத்தின் படைப்பு. கோஹா நியூசிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஹோரோவெனுவா என்ற சிறு பகுதியின் நூலகங்கள் வைத்திருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தபோது, கடிபோ என்ற அந்நாட்டு நிறுவனத்தைக் கொண்டு புதிதாக எழுதச் செய்து, 2000 ஜனவரியில் இயக்கத் தொடங்கி, மூலநிரலை உலகுக்கே திறந்துவிட்டார்கள். சிறிய நூலகமும் உரிமக் கட்டணம் இல்லாமல் பெரிய நூலகத்தின் கருவியை வைத்துக்கொள்ள முடிவது அதனால்தான். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் அதற்குப் படிப்படியான காணொளிப் பாடங்களே வைத்திருக்கிறது.

இந்த மாற்றத்தின் நன்மைகளை முழு மனதோடு சொல்ல வேண்டும். ஒரே பதிவு ஆசிரியராலும் கிடைக்கும், பெயராலும் கிடைக்கும், பொருளாலும் கிடைக்கும். ஐந்து அட்டை எழுதும் வேலை ஒன்றாகிவிட்டது. நள்ளிரவில் வீட்டிலிருந்தே புத்தகம் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று மாணவி பார்க்கிறாள். பார்வையற்ற ஒருவருக்கு அட்டை இழுப்பறை முழுமையாக மூடிய கதவு. இன்று திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு அவரே தேடுகிறார், அவரே தேர்ந்தெடுக்கிறார். இது ஒன்றுக்காகவே இழுப்பறைகளை விட்டுக்கொடுக்கலாம்.

ரங்கநாதன் கண்ட கனவில் ஒரு பகுதியும் இப்போதுதான் கைகூடியிருக்கிறது. தஞ்சைப் பகுதியில் அறுபதுகளில் நெற்பயிர் நோயைத் தடுத்த விதம் பற்றி ஒரு நூல் என்று வைத்துக்கொள்வோம். பயிர் ஒரு பக்கம், நோய்த்தடுப்பு ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம், காலம் ஒரு பக்கம். இப்படிப் பொருளின் பல பக்கங்களைப் பிரித்துக் குறிக்க வேண்டும் என்பதே அவர் முறை. ஆனால் அலமாரியில் ஒரு நூல் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். ஏதாவது ஒரு பக்கத்தை முதலில் வைத்தே ஆக வேண்டும். திரைக்கு அந்தத் தளை இல்லை. தேடல் முடிவின் ஓரத்தில் ஆண்டு, ஆசிரியர், பொருள், இடம் என்று வரிசையாகத் தெரியும் வடிகட்டிகளில் எதை வேண்டுமானாலும் முதலில் சொடுக்கலாம். விலையையும் நிறத்தையும் அளவையும் தேர்ந்து இணையக் கடையில் துணி வாங்குகிறவர் கையாள்வதும் இதே சிந்தனைதான்.

இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம் அது. தன்னார்வலர்கள் மின்வருடி ஏற்றிய இதழ்களும் நூல்களும் இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் படிக்கக் கிடைக்கின்றன. அங்கே சேர்ந்த ஒவ்வோர் ஆவணத்துக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர், ஆண்டு, வெளியீட்டாளர், மொழி என்று பதிந்திருக்கிறார். அந்தப் பதிவுகள் இல்லாமல் போயிருந்தால் அத்தனை பக்கங்களும் வெறும் படங்களாகவே கிடந்திருக்கும்.

காணாமல் போன மேற்பார்வை

இனி, என் கவலைக்கு வருகிறேன்.

இன்றைய பயிற்சி முகாம்களில் நிறுவுவது, பார்கோடு ஒட்டுவது, உறுப்பினர் அட்டை அச்சிடுவது, புத்தகம் கொடுப்பது, வாங்குவது ஆகியவற்றுக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு நூலை எப்படிப் பார்ப்பது, எந்தப் பெயரில் பதிவது, எந்தப் பொருளின் கீழ் வைப்பது என்பதற்கு மிஞ்சுவது கொஞ்ச நேரம். பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் வேலை பல இடங்களில் பதிவுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்துக்குப் போகிறது. அடிப்பவர் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளதைப் பார்த்து அடிக்கிறார். புத்தகத்தை அவர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விளைவு தேடுபவர் தலையில் விழுகிறது. ஒரே நூலகத்தில் உ.வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர் உ.வே., சாமிநாதய்யர், டாக்டர் உ.வே.சா. என்று நாலு பேர் உலவுகிறார்கள். ஒரு பெயரைத் தேடினால் மற்ற மூன்று பெயரில் உள்ள நூல்கள் வருவதில்லை. புத்தகம் அலமாரியில் நிற்கிறது, பட்டியல் இல்லையென்கிறது, வாசகர் திரும்பிப் போகிறார். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாக வைத்த ரங்கநாதன் பிறந்த மண்ணில் இது நடக்கக் கூடாது.

வேறு நூலகத்தின் பதிவை இணையம் வழியே இறக்கிக்கொள்ளும் வசதி இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. 1962இல் தொடங்கிய பி.எல். 480 நூல் திட்டத்தின் கீழ் அமெரிக்க நூலகங்களுக்குத் தமிழ் நூல்கள் ஏராளமாகப் போயின. அவற்றுக்கெல்லாம் நல்ல, கவனமான பதிவுகள் அங்கே உண்டு. ஆனால் அவை ரோமன் எழுத்தில், அவர்கள் வகுத்த ஒலிபெயர்ப்பு விதிப்படி இருப்பவை. சகரத்தை அவர்கள் 'எஸ்' எழுத்தால் எழுதுவதில்லை, 'சி' எழுத்தால் எழுதுவார்கள். சிலப்பதிகாரத்தை நம் பழக்கப்படி ஆங்கிலத்தில் அடித்துத் தேடுகிறவருக்கு அந்தப் பதிவு அகப்படாது. மூல எழுத்தில் உள்ள வடிவத்தைச் சேர்ப்பதற்கென்றே மார்க்கில் 880 என்ற புலம் இருக்கிறது. அதை நிரப்பினால் தமிழிலும் தேடலாம். அப்படியே இறக்கி அப்படியே சேமித்தால், ஒரே நூல் ரோமனில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை என்று இரண்டு நூலாகிவிடும்.

அன்று ஓர் அட்டையில் நேர்ந்த தவறு அந்த ஓர் இழுப்பறையோடு நின்றது. இன்று ஒரு பதிவின் தவறு கூட்டுப் பட்டியலுக்குப் போகிறது, அங்கிருந்து பிற நூலகங்கள் இறக்கிக்கொள்கின்றன, தேடுபொறிகள் எடுத்துக்கொள்கின்றன. சேமி என்ற பொத்தானை அழுத்திய கணமே அது உலகின் முன் நிற்கிறது. தவறு தூரமாகப் பயணம் செய்யும் காலத்தில் சரிபார்ப்பு முன்னைவிடக் கூட வேண்டும். நாம் அதைக் குறைத்துக்கொண்டோம்.

செய்யக்கூடியது

வேதனை என்னவென்றால், கம்பிக்கு மேல் நிறுத்தும் வசதி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. கோஹாவில் மொத்தமாக ஏற்றும் பதிவுகளை முதலில் ஓர் இடைநிலையில் நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, திருப்தியான பிறகே பட்டியலில் சேர்க்கலாம். வேண்டாமென்றால் சேர்த்ததைத் திரும்பவும் எடுத்துவிடலாம். சோதித்து முடியாத பதிவை வாசகர் திரையில் தெரியாமல் மறைத்துவைக்கவும் வழி உண்டு. பெயர்களுக்கென்று தனிக் கோப்பு ஒன்று இருக்கிறது. கல்கி என்று ஒரு முறை நிலைநிறுத்தி, ரா. கிருஷ்ணமூர்த்தியை அதோடு பிணைத்துவிட்டால், எந்தப் பெயரில் தேடினாலும் வழி கிடைக்கும்படி அமைக்கலாம். பழைய வழிகாட்டி அட்டை செய்த அதே வேலை, பல மடங்கு வேகத்தில். பல நூலகங்களில் இந்தப் பகுதிகள் திறக்கப்படாமலே கிடக்கின்றன.

ஆகவே, பயிற்சி தருகிற ஒவ்வொருவரிடமும் நான் வேண்டிக்கொள்வது சில உண்டு. முதல் நாளில் கணினியைத் திறக்காதீர்கள். தமிழ் நூல்கள் சிலவற்றைக் கையில் கொடுங்கள்: புனைபெயரில் எழுதிய ஒரு நாவல், பதிப்பாசிரியர் பெயர் மட்டும் தெரியும் ஒரு பழைய இலக்கியம், தலைப்பு ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் உள்ள ஒரு கட்டுரைத் தொகுப்பு. தாளில் எழுதச் சொல்லுங்கள். ஏன் இந்தப் பெயர், ஏன் இந்தப் பொருள் என்று கேளுங்கள். இரண்டாம் நாள் அவர்களே அதை மென்பொருளில் ஏற்றட்டும். மூன்றாம் நாள், ஏற்றியவர் அல்லாத ஒருவர் வாசகராக உட்கார்ந்து தேடிப் பார்க்கட்டும். கிடைக்காத நூல் எது, ஏன் கிடைக்கவில்லை என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்பதுதான் சரியான தேர்வு.

நூலகத்தை நிர்வகிப்பவர்களுக்கும் ஒன்று. பதிவுகளைச் சோதிக்க ஒருவருக்கு நேரம் ஒதுக்குங்கள். அது அவர் பணிப்பட்டியலில் எழுத்தில் இருக்கட்டும். ஒரு நாளில் எத்தனை பதிவு ஏறியது என்று மட்டும் எண்ணாமல், எத்தனை பதிவு சோதிக்கப்பட்டது என்றும் எண்ணுங்கள். தமிழ்நாட்டில் 4,000க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது இந்த மாநிலத்தில்தான். கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் கணினிப் பட்டியலுக்குள் முழுமையாக வரும்போது, அங்கே உட்காரப் போகிறவர்களுக்கு இந்தக் கல்வி கிடைத்தாக வேண்டும்.

மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஐசிஸ் போயிற்று, கோஹாவும் ஒரு நாள் போகும், தானாகவே பட்டியலிடும் இயந்திரங்களும் வந்துகொண்டிருக்கின்றன. எது வந்தாலும், இந்தப் புத்தகத்தை யார் தேடி வருவார், என்ன சொல்லித் தேடுவார் என்று யோசிக்கிற ஒருவரும், அவர் யோசித்தது சரிதானா என்று பார்க்கிற இன்னொருவரும் தேவைப்படுவார்கள். அந்த இருவரையும் உருவாக்குவதே நூலகக் கல்வியின் வேலை. பொத்தான்களைப் பழக ஒரு வாரம் போதும். மிச்சக் காலத்தை இதற்குக் கொடுங்கள்.